அய்யம்மாள் பூட்டிய அறை

முகாமில் தங்கியிருந்த பிள்ளைகள் எழுபத்து மூன்று பேர். முகாம் பதிவேட்டில் இருந்தவர்கள் அறுபத்திரண்டு பேர். இரண்டையும் எழுதியவன் நான்தான். முதல் எண்ணைச் சாப்பாட்டுக்கூடப் புத்தகத்திலும் இரண்டாவதை அலுவலகப் புத்தகத்திலும் எழுதினேன். அய்யம்மாளைப் பற்றி எழுத வேண்டுமென்றால் இந்தப் பதினொரு பேரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் உள்ள அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. 2023 மே 8 முதல் 17 வரை அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் முகாம் நடந்தது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் தங்கிப் படிக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் பதிவறை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். முகாமின் புத்தகங்களை எழுத என்னைப் பத்து நாளுக்கு வைத்திருந்தார்கள்.

அய்யம்மாள் அங்கே பெண்கள் விடுதியைக் கூட்டித் துடைப்பவர். சாத்தூர்ப் பக்கம் பிறந்து ஆமத்தூருக்கு வாழ்க்கைப்பட்டவர். அப்போது வயது நாற்பத்திரண்டு. ஒன்பது வருடமாக ஒப்பந்தக் கூலி. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் தாய்மார்கள் மூத்த பிள்ளையை முகாமுக்கு அனுப்பியபோது, சின்னதையும் இவர் கையில் பிடித்துக் கொடுத்தார்கள். "இதையும் கூட்டிட்டுப் போங்கக்கா. ஏழு மணிக்கு எனக்கு வேன் வந்துரும். பகலெல்லாம் இவ ஒத்தையில கெடப்பா."

அய்யம்மாள், முகாமை நடத்திய பேராசிரியர் சீனிவாசகத்திடம் கேட்டார். "கூட்டிட்டு வாங்க. போட்டோவுல கூட்டம் நெறைஞ்சு தெரியும்" என்றார் அவர். அப்படி வந்தவர்கள்தான் அந்தப் பதினொரு சிறுமிகள். எல்லோரும் நான்காம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் இடைப்பட்டவர்கள். பெற்றோரின் ஒப்புதல் படிவம் ஒருவருக்கும் இல்லை.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று பல்கலைக்கழகம் பதினான்கு பக்க விதிமுறை வைத்திருந்தது. மூடிய அறையில் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, பயிற்சி பெற்ற பெண் பாதுகாவலர் ஒருவர் விடுதியில் தங்க வேண்டும் என்பவை அதில் முதல் இரண்டு. அதற்கான படிவத்தில், பாதுகாவலர் என்ற கட்டத்தில் அய்யம்மாளின் பெயர் இருந்தது. இரண்டு நாள் பயிற்சி முடித்தவர் என்று எழுதி, அடியில் ஆங்கிலத்தில் ஒரு கையெழுத்தும் இருந்தது.

"இது ஒங்க கையெழுத்தாம்மா?" என்று அவரிடம் காட்டினேன்.

தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "எம் பேரத் தமிழ்ல எழுதவே எனக்கு அரைப் பக்கம் வேணும்யா. இது யாரோ கொசு அடிச்ச மாதிரில்ல இருக்கு! பயிற்சியா? கழுத்துல மாட்ட அட்ட தொங்குற மஞ்சக் கயிறு ஒண்ணு குடுத்தாக, அம்புட்டுத்தான்."

சீனிவாசகத்திடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். "ஃபார்மாலிட்டி சார். தாலுகா ஆபீஸ்ல நீங்க பாக்காததா?"

பார்த்திருக்கிறேன். அங்கே பொய்யாய்ப் போனவை நிலத்தின் எல்லைகள். இங்கே பிள்ளைகளின் பாதுகாப்பு. அன்று புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அதனால் அந்த அசிங்கத்தில் எனக்கும் பங்கு உண்டு.

மே 11, வியாழக்கிழமை. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மாலையில் அய்யம்மாளிடம் வந்தாள். அவள் பெயரை வெளியிடச் சட்டம் இடம் தராது. வேல்விழி என்று வைத்துக்கொள்கிறேன். சூரியனைப் பார்க்கும் தொலைநோக்கியைக் காட்டுகிறேன் என்று தனுஷ்கோடி என்ற பயிற்சியாளர் அவளை மட்டும் கருவி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறான். கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அதற்கு மேல் அவள் சொன்னதை நான் இங்கே எழுதமாட்டேன். தள்ளிவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு அய்யம்மாள் சீனிவாசகத்தின் மேசை முன் நின்று அத்தனையும் சொன்னார். நான் அடுத்த மேசையில் இருந்தேன்.

"எந்தப் பிள்ள?"

பெயரைச் சொன்னார். சீனிவாசகம் பட்டியலை விரல் வைத்துப் பார்த்தார்.

"அப்படி ஒரு பேரே இதுல இல்லையே அய்யம்மா. இல்லாத பிள்ளைக்கு என்ன நடந்துரும்?"

சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். குடித்து முடித்து, கோப்பையை எடுத்துப் போகும்படி அய்யம்மாளுக்கே கை காட்டினார்.

பத்து நாற்பதுக்கு வாசலிலிருந்து போன் வந்தது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் அருணாதேவி முன்னறிவிப்பின்றி வந்திருந்தார். சீனிவாசகம் வியர்த்துப்போய் விடுதிக்கு ஓடினார். "சின்னதுக பதினொண்ணையும் மாடி ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டுங்க. சத்தம் வரக் கூடாது!"

அய்யம்மாள் பூட்டினார். ஏன் என்று கேட்கவில்லை. பழைய மெத்தைகள் அடுக்கிய அறைக்குள் பிள்ளைகளை உட்கார வைத்து, பூட்டைத் திருகி, சாவியை இடுப்பில் செருகிவிட்டுப் படியில் நின்றார்.

அதற்கான காரணத்தைப் பிற்பாடு என்னிடம் சொன்னார். 1990இல் ஒன்பது வயதில் தீப்பெட்டிக் கம்பெனியில் மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கியவர் அவர். ஆபீசர் ஜீப் வந்தால் சிறுசுகளையெல்லாம் குடோனுக்குள் தள்ளிப் பூட்டுவார்கள். இருப்பதில் மூத்தவள் என்பதால், மற்றவர்களின் வாயைப் பொத்துவது இவர் பொறுப்பு. ஜீப் போன பிறகு ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கிடைக்கும்.

"ஆபீசர்னு காதுல விழுந்ததுமே கையி தானாப் பூட்டப் போகுதுய்யா. மண்டைக்குள்ள ஒண்ணுமே ஓடல."

கீழே கூடத்தில் அருணாதேவி கேட்பது படிவரைக்கும் கேட்டது. "யாருக்காவது ஏதாவது குறை இருக்கா பிள்ளைகளா? பயப்படாம சொல்லுங்க."

"இல்லை மேடம்!" என்று அறுபத்திரண்டு குரல்கள் ஒன்றாகச் சொல்லின. அதைச் சொல்லிக்கொடுத்துப் பழக்கியிருந்தார்கள்.

சொல்வதற்கு ஒன்று வைத்திருந்தவள் அய்யம்மாள் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தாள். உள்ளேயிருந்து ஒரு தும்மல்கூட வரவில்லை. "பதினொரு பிள்ளைக, ஒண்ணுகூட மூச்சு விடல. அது எனக்குப் பொறுக்கலய்யா" என்றார் அவர்.

பதினோரு மணி இருபது நிமிடத்துக்கு அய்யம்மாள் படியிறங்கி வந்தார், பின்னால் வரிசையாகப் பதினொரு பேர். சீனிவாசகம் முந்திக்கொண்டார். "இது கூட்டுற அம்மா, மேடம். சொந்தக்காரப் பிள்ளைகளக் கூட்டி வந்திருக்கும்."

"பதினொண்ணுமா சார் எனக்குச் சொந்தம்? நான் என்ன அம்புட்டுப் பெரிய குடும்பமா?" என்ற அய்யம்மாள் அலுவலரிடம் திரும்பினார். "இங்கன இருக்க காயிதத்துல நாந்தான் பாதுகாப்பாம். இதுகளப் பூட்டி வச்சதும் நாந்தான். அதையும் எழுதிக்கங்கம்மா. ஆனா இந்தப் பிள்ள ஒண்ணு சொல்லணும், மொத அதக் கேளுங்க."

அலுவலர் என்னிடம் சாப்பாட்டுக்கூடப் புத்தகத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றே காலுக்கு வேல்விழியின் தாய் கம்பெனியிலிருந்து நேராக வந்து சேர்ந்தார். பஞ்சம்மாள் என்பதும் மாற்றிய பெயர்தான். முழங்கை வரைக்கும் பட்டாசுக்குப் போடும் வெள்ளி மருந்து அப்பியிருந்தது. நடந்ததைக் கேட்டதும் அவர் முதலில் பாய்ந்தது அய்யம்மாள் மேல்.

"ஒன்ன நம்பித்தானக்கா அனுப்புனேன்! நீயும் சேந்துல்ல பூட்டியிருக்க! நீயெல்லாம் ஒரு மனுசியா?"

"பூட்டுனேன் பஞ்சம்மா" என்றார் அய்யம்மாள்.

சீனிவாசகம் தாயின் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார். "பொம்பளப் பிள்ளம்மா. வெளிய தெரிஞ்சா பேரு கெட்டுரும். நாளைக்கு யாரு கட்டுவா? பேசாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"நீங்க வேண்டாம்னாலும் நான் போலீசுக்குத் தகவல் குடுத்துதான் ஆகணும்மா" என்றார் அருணாதேவி. "ஆனா பிள்ளை வாயத் திறந்து சொல்றதுக்கு நீங்க பக்கத்துல நிக்கணும்."

பஞ்சம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தார். வேல்விழி தாயின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கம்மா" என்றார் பஞ்சம்மாள். "எம் பிள்ள பேரு எதுக்குக் கெடணும்? கெட்டா அவன் பேரு கெடட்டும்."

தனுஷ்கோடியை மறுநாள் கைது செய்தார்கள். சீனிவாசகத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போனது. இப்போது அவர் வேறொரு துறைக்குத் தலைவர். முகாமில் அறுபத்திரண்டு மாணவர்கள் பயன்பெற்றனர், பாதுகாப்பு விதிகள் முழுமையாகப் பின்பற்றப்பட்டன என்று பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. அதே பக்கத்தில் உள்ள படத்தில் எண்ணினால் எழுபத்து மூன்று தலைகள் இருக்கின்றன. அதை அச்சுக்கு அனுப்பியவர்களுக்கு எண்ணிப் பார்க்கக்கூட வெட்கமில்லை.

மே 31 அன்று அய்யம்மாளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கடிதத்தை நான் படித்துப் பார்த்தேன். காரணம்: சிறார்களை அறையில் வைத்துப் பூட்டியது. அந்த வளாகத்தில் பிள்ளைகள் பாதுகாப்பு விதியை மீறியதற்காக வேலை இழந்தவர் இவர் ஒருவர் மட்டுமே. எதிர்த்து ஒரு மனு எழுதித் தருகிறேன் என்றேன். "அதுல பொய் ஒண்ணும் இல்லையேய்யா" என்று மறுத்துவிட்டார். இப்போது கம்பி மத்தாப்புக் கம்பெனியில் பெட்டி அடைக்கிறார்.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கிறது. சாட்சி சொல்ல அய்யம்மாளை மூன்று முறை அழைத்து மூன்று முறையும் ஒத்திவைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு நாள் கூலி போனது. நான்காம் முறை, 2024 நவம்பரில், சாட்சி சொன்னார். மூடிய அறையில் நடக்கும் விசாரணை. அவர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாட்சிக் கூண்டில் ஏறியதும் முதலில், "நான் அந்தப் பிள்ளையப் பூட்டி வச்சேன்" என்றாராம். கேட்பதற்கு முன்பே ஏன் சொன்னீர்கள் என்றேன்.

"எதிர்த்தரப்பு வக்கீல் அதத்தான் குறிச்சு வச்சிருந்தாரு. நானே சொல்லிட்டேன்ல, தாளத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மொத எங் கேவலத்தச் சொல்லிட்டா, பெறகு சொல்றத நம்புவாகள்லய்யா."

தீர்ப்பு இன்னும் வரவில்லை. பஞ்சம்மாள் அய்யம்மாளோடு பேசுவதில்லை. அன்று தாயும் மகளும் நீதிமன்றத்துக்கு வந்திருந்தார்கள்; சாட்சி முடிந்து மூவரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினார்கள். பஞ்சம்மாள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வேல்விழி இரண்டு வரிசை பின்னால், அய்யம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாய் திரும்பிப் பார்த்தார். வா என்று கூப்பிடவில்லை.