கட்டில் எழுந்து நின்ற வீடு

இரண்டாம் மாடிப் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்துவிட்டார்கள் என்பது தெருவுக்கே தெரியும். அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது. ஆதாரங்கள் பலமானவை. படுக்கையறைக் கட்டிலைக் கழற்றி, மெத்தையோடு ஹாலில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவன் ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறான். அவளோ ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டு, எப்போதும் கறுப்புச் சட்டையோடு அறைக்குள்ளேயே கிடக்கிறாள். இத்தனையையும் எதிர் பால்கனியில் துணி உலர்த்தும் அம்மாள் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். உலர்த்த அவ்வளவு துணி எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நாகரிகமல்ல.

'ஒலிபெருக்கி' என்று வேண்டியவர்கள் செல்லமாக அழைக்கும் அந்த அம்மாள் வழியாகச் சேதி, புருஷனுடைய அக்காவின் தையல் கடைக்கு வந்து சேர்ந்தது. கேட்ட அதிர்ச்சியில் அக்கா ஒரு ரவிக்கைக்கு இரண்டு வலது கைகளை வைத்துத் தைத்துவிட்டாள். பெண் பார்த்ததும் அவள்தான். "இவதான் என் தம்பிக்கு" என்று ஒற்றைக்காலில் நின்று முடித்து வைத்ததும் அவள்தான். தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவன். வாயைத் திறந்தால் அளவு மட்டும் சொல்லுவான். பல் செட் செய்யும் இடத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகுதான் முழுசாக நாலு வார்த்தை பேசப் பழகினான். அந்தக் குடும்பமா உடைந்தது? அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

வதந்தியை நம்புவதா, நேரில் பார்ப்பதா? ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல காரியத்துக்குப் போகிற மாதிரி இருக்கட்டும் என்று பளிச்சென்ற ஆரஞ்சுப் புடவையில் கிளம்பினாள். பேருந்திலேயே பேச்சைத் தயார் செய்துகொண்டாள். முதலில் கண்டிப்பு, நடுவில் கண்ணீர், கடைசியில் மறுபடியும் கண்டிப்பு.

வாசல் கதவு திறந்தே இருந்தது. தம்பி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை அந்தரத்தில் தூக்கியபடி, பாதி மாட்டிய செருப்போடு சிலையாக இருந்தான்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

அவன் கண்ணை மட்டும் உருட்டினான்.

"பேச்சும் போயிடுச்சா!" என்று அலறிக்கொண்டு அக்கா படுக்கையறைக் கதவைத் தள்ளினாள்.

"அக்கா, நில்லு!" என்று தம்பிக்குப் பேச்சு வந்தது.

"அண்ணி, அப்படியே நில்லுங்க. மூச்சு மட்டும் விட்டுக்கலாம்" என்றது உள்ளே கறுப்புச் சட்டை.

கட்டில் கிடந்த இடத்தில் ஒரு மேசை. அதன் கால்கள் ஆடாதபடி தம்பி சிமெண்ட் வைத்துத் தரையோடு பூசியிருந்தான். மேலே, மாடிப்படியும் அறையுமாக அட்டையில் ஒரு வீடு. மெல்லிய தாள் மூடிய இரண்டு விளக்குகள். கம்பியில் இறுக்கிக் கட்டிய பழைய செல்போன். முட்டை அட்டையின் குழிகளில், பல் செட் மெழுகில் செய்த குட்டிக் குட்டி வாய்கள்: சிரிக்கிற வாய், கொட்டாவி வாய், முணுமுணுக்கிற வாய். படியில் ஒரு சாண் உயர ஆள். அவன் முதுகில் இருந்த குட்டிக் கட்டில், கதவு கிளப்பிய காற்றில் கீழே விழுந்து கிடந்தது.

"என்னம்மா இதெல்லாம்?"

"படம் எடுக்கறேன் அண்ணி. இவரை ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு போட்டோ, இன்னொரு மயிரிழை நகர்த்தி இன்னொரு போட்டோ. வரிசையா ஓட்டினா நடப்பார். தரை அதிரக்கூடாது, அதான் போட்டோ எடுக்கும்போது வீட்டுல யாரும் அசையறதில்ல."

"நடந்து எங்க போறாராம்?"

"படுக்க இடம் தேடுறார்."

"இங்க ஒருத்தன் நிஜமாவே தேடிக்கிட்டிருக்கானே!"

அவள் சிரித்தபடி செல்போனைப் பார்த்தாள். சிரிப்பு வடிந்தது. கடைசிப் படத்தில் ஆளின் கன்னம் ஆரஞ்சாக இருந்தது. "உங்க புடவை அண்ணி. கலர் இவர் மூஞ்சியில அடிக்குது. அதுக்குத்தான் நான் கறுப்பே போடறது. கட்டிலும் விழுந்துடுச்சா... பழைய இடத்துல அச்சா வைக்க முடியாது. கீழ்ப்படியிலேர்ந்து திரும்ப ஏறணும்."

ஒரு காலை வேலை பாழ். அக்காவுக்குத் தயாரித்த பேச்சு அத்தனையும் மறந்துபோயிற்று, ஒன்றைத் தவிர. "அதெல்லாம் சரி. என் தம்பியை எதுக்கு ஹாலுக்குத் தள்ளினே? நிஜத்தைச் சொல்லு. நீங்க ரெண்டு பேரும் நல்லாதானே இருக்கீங்க?"

அவள் அக்காவின் கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிப்போனாள். நிறுத்திவைத்த மெத்தைக்கு இந்தப் பக்கம் தம்பியின் பாய். அதை ஒட்டி, மெத்தையின் மறைவில் இன்னொரு பாய், இன்னொரு தலையணை. அதன்மேல் நீளமான ஒரு முடியும், இளஞ்சிவப்பு மெழுகுத் துணுக்கும். எதிர் பால்கனிக்குத் தெரிந்தது பாதி ஹால். மீதியை அந்த அம்மாள் கையிலிருந்து போட்டிருக்கிறார்.

"கட்டில் அஞ்சு அடி அகலம்க்கா" என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு. "பாய் ரெண்டும் சேர்ந்து நாலரைதான்."

அக்கா அந்த நாலரையின் நடுவில் உட்கார்ந்து அழுதாள். நடுவில் கண்ணீர் என்று திட்டமிட்டதுதான். ஆனால் இது வேறு கண்ணீர்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கெடுத்ததுக்கு நான் என்னம்மா செய்யணும்?" என்று கேட்டாள்.

"அந்தக் குட்டிக் கட்டிலுக்குத் தலையணை வேணும் அண்ணி. நான் தைச்சா ஒவ்வொரு தையலும் வடக்கயிறு மாதிரி தெரியுது."

"ப்பூ, இவ்வளவுதானா? ஒண்ணா, ரெண்டா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். "ரெண்டு."

அக்கா பையிலிருந்து டேப்பை எடுத்து, கையகலக் கட்டிலை முறைப்படி அளந்துகொண்டு, "நாளைக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள். தையற்காரர்களின் நாளை எது என்று தெரிந்தவர்கள் சிரிக்கக்கூடும்.

ஆள் மறுபடி கீழ்ப்படியிலிருந்து ஏறி வந்துவிட்டார். கட்டிலை இறக்கி அறையில் போட்டும் விட்டார். அக்காவுக்குப் போன் போட்டால், "கல்யாண சீசன்மா, தலைக்கு மேல வேலை, நாளைக்குக் கண்டிப்பா" என்கிறாள். அவர் படுப்பதற்காக இடுப்பை வளைத்தபடி நிற்கிறார். தினமும் காலையில் அவள் சின்னத் தூரிகையால் அவர்மேல் தூசி தட்டிவிடுகிறாள்.