சார்ஜெண்ட் மூக்கு

பஸ் சரியாக நிற்பதற்குள் சக்கியாசி ஏறிவிடுவார். எங்கும் போவதற்காக அல்ல, மோந்து பார்ப்பதற்காக. மேல் மலையிலிருந்து சிங்கத்தோக்கா சந்தைக்கு இறங்கும் சனிக்கிழமை பஸ் அது. சேப்பங்கிழங்குக் கட்டு, மரவள்ளி மூட்டை, கால் கட்டிய கோழி என்று ஒவ்வொன்றின் மேலும் குனிந்து மூச்சை இழுப்பார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்வார். சார்ஜெண்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஓடிவிட்டன. மூக்குக்கு மட்டும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

"ஐயா, டிக்கெட்ட எடுத்துட்டு மோந்து பாருங்க," என்பார் டிரைவர் பிசேஸ்வர்.

"போலீஸ்காரன்கிட்டயே டிக்கெட்டா? கஞ்சா மட்டும் கெடைக்கட்டும், ஒன் பஸ்ஸையே புடிச்சு வெச்சுக்கிறேன்."

"வீட்டுல கெழங்கு வெந்துச்சான்னு கூட இவரு மோந்துதான் பாப்பாரு," என்று பின் இருக்கைப் பெண்கள் சிரிப்பார்கள். சக்கியாசி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

கஞ்சாவை மருந்தாக அனுமதிக்கலாமா என்று அரசாங்கம் யோசிக்கிறது என ரேடியோ சொன்னதிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விளிம்பு ரம்பப் பல் போல் வெட்டிய பழைய போலீஸ் சுலு வேட்டியைத் தேய்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆற்றோர ஊர்களுக்கெல்லாம் போய்ப் பேசினார். "மருந்துன்னு கதவ இத்துணூண்டு தொறந்து வெய்யி. அப்புறம் பாரு, மாடே உள்ள வந்து படுத்துக்கும்!"

வெறுங்கையோடு ஓர் ஊருக்குள் போய்ப் பேச முடியுமா? யங்கோனா வேரை வைத்து வணங்கி, அதை இடித்துக் கரைத்து, கொட்டாங்கச்சிக் கிண்ணம் சுற்றி வந்த பிறகே வாய் திறக்கலாம். போதைக்கு எதிரான பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் பேச்சாளரின் நாக்கு மரத்துப்போயிருக்கும். கேட்பவர்களும் பாதிக் கண்ணில் இருப்பார்கள். எதிர்ப்பே இல்லாமல் கூட்டம் முடியும்.

"இதுவும் போதைதானே மச்சான்?" என்று கிண்டுவார் எரோனி. சக்கியாசியின் மனைவி வாலேசிக்கு அண்ணன். மேல் மலையில் தோட்டம் போட்டிருக்கிறார்.

"இது நம்ம தாத்தன் குடிச்சது. குடிச்சா சண்டையா வருது? தூக்கம்தான வருது."

"அதுவும் அப்படித்தானாம்."

"நீ பேசாம கையத் தட்டு."

மச்சான் கிண்டலுக்குக் கோபித்துக்கொள்வது அங்கே வழக்கமில்லை. ஆனால் சக்கியாசியின் பேச்சில் இருந்த கோபம் பொய்யல்ல. அவருடைய சொந்த அண்ணன் மகன் ஒருவன் கஞ்சாப் புகையில் புத்தி கலங்கி, பெற்றவளையே யாரென்று கேட்டான். அவனை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் இவர்தான். வழியெல்லாம் அவன் இவருடைய தொப்பியோடு பேசிக்கொண்டு வந்தான். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு நாக்கு மரத்திருக்காது.

வாலேசிக்குச் சர்க்கரை. பாதம் இரண்டும் தணலில் வைத்ததுபோல் எரியும். ஆஸ்பத்திரி மாத்திரைகள் எதற்கும் அது கேட்கவில்லை. பொழுது சாய்ந்தால் தண்ணீர்ப் பாத்திரத்தில் காலை வைத்துக்கொண்டு அழுவாள். இதைக் கேள்விப்பட்ட எரோனி, மலையில் காய்ச்சிய புன்னை எண்ணெய் கொண்டுவர ஆரம்பித்தார். வளர்ந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவதில்லை, கைக்குக் கை எதுவும் கொடுப்பதுமில்லை. அங்கே அதுதான் மரியாதை. ஆகவே சந்தைக்குப் போகிற வழியில் பஸ் ஜன்னலிலிருந்து பாட்டில் சக்கியாசியின் கைக்கு வரும். அவர் தினமும் அந்தப் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துவிடுவார். வாலேசி தூங்கினாள். கோயில் பாட்டுக் குழுவில் மறுபடி நின்று பாடினாள்.

பஸ்ஸையே மோந்து பார்க்கும் மனிதர் அந்தப் பாட்டிலை மட்டும் மோந்து பார்த்ததில்லை. மச்சான் கொடுத்ததைச் சோதித்தால் மச்சானையே சோதித்த மாதிரி.

கடைசியில் தலைநகர் சுவாவிலிருந்து ஒரு டாக்டரம்மாள், கஞ்சா மருந்து பற்றி மக்கள் கருத்தைக் கேட்க ஊர் மண்டபத்துக்கே வந்தார். சக்கியாசி எழுந்தார். சுலு மடிப்பிலிருந்து பாட்டிலை எடுத்து உயர்த்தினார்.

"மருந்து வேணுமாம் மருந்து! எங்க மலையில இல்லாத மருந்தா? என் பொண்டாட்டி காலக் கேளுங்க. சுத்தமான புன்னை எண்ணெய். மோந்து பாருங்கம்மா!"

டாக்டரம்மாள் மோந்தார். இன்னொரு தடவையும் மோந்தார். "ஐயா, இதுல புன்னை மட்டும்தானா இருக்கு?"

மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பாயில் ஏதோ தேட வேண்டியிருந்தது. எரோனி கூரையைப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் வாலேசி தன் பாதங்களை இடுப்பில் சுற்றிய சுலுவுக்குள் இழுத்துக்கொண்டாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. சக்கியாசி பாட்டிலை வாங்கி, முதல் தடவையாக, தானே மோந்தார்.

"புன்னைதான்," என்றார். "இந்த மூக்கு பொய் சொல்லாது."

அதைச் சொன்னது அவர் வாய், மூக்கு அல்ல. வீட்டுக்கு வந்ததும் பின்கட்டில் குழி பறித்து எண்ணெயைக் கொட்டி மண் போட்டு மூடினார். வாலேசி எழுந்து போய்த் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவந்து காலை வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தபடியே பாடினாள். அந்த வாரம் முழுக்கச் சக்கியாசி எந்த ஊருக்கும் பேசப் போகவில்லை. பாத்திரத்துத் தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை பஸ் வந்தது. சக்கியாசி ஏறினார். கிழங்குக் கட்டை மோந்தார், கோழியை மோந்தார். பிசேஸ்வரின் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து மோந்தார். ஜன்னலோரம் எரோனி, மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு அவர் வாயில் கிண்டல் இல்லை.

சக்கியாசி அவர் முன்னால் வந்து நின்றார்.

"சளி புடிச்சிருக்கு மச்சான்," என்றார் சார்ஜெண்ட். ஒரு கையால் கைக்குட்டையை எடுத்து மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு, மற்றக் கையைப் பைக்கு நேராக நீட்டினார்.