வரதப்பன் ஜெயித்த கோப்பை

திண்டிவனம் ஸ்டேஷனில் மெட்ராஸ் போகும் பாசஞ்சர் நின்றிருந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்த கார்டு என்னை அடையாளம் கண்டுகொண்டார். பழைய ஹாக்கிப் பைத்தியம் அவர். "எம்.ஏ., நம்ம பார்சல் வரதப்பன் பூட்டாருப்பா. நேத்து ராத்திரி. நெஞ்சுவலின்னாங்க," என்றார். நான் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் பச்சைக் கொடியை அசைத்துவிட்டார். நான் ஏறவேண்டிய வண்டி அதுவல்ல. ஆனாலும் பிளாட்பாரம் முடியும்வரை அதன் கூடவே நடந்தேன்.

துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதைச் சொல்ல முடியும்.

விழுப்புரம் ஜங்ஷனில் அவர் பார்சல் கிளார்க். ஆபீஸின் பின்புறம் வெற்றிலைக் கட்டுகள், துணி மூட்டைகள். சாயங்காலம் அந்த மூட்டைகள்மேல் உட்கார்ந்துதான் நாம் ஹாக்கி பேசினோம். படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த என்னை முதல் நாளே அவர் "எம்.ஏ." என்று கூப்பிட்டார். அதன்பின் என் பெயரை யாரும் சொல்லவில்லை. ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா தோற்ற பிறகு நம் பேச்சில் ஒரு கசப்பு ஏறியிருந்தது. யார் ஆடினாலும் நம்பிக்கை வரவில்லை. வரதப்பன் குரலை உயர்த்தமாட்டார். ரசீதில் எடையை எழுதிக்கொண்டே சொல்வார்: "பந்து யார்கிட்ட கீதுன்னு பாக்காத. பந்து இல்லாதவன் இன்னா பண்றான்னு பாரு. அதான் ஆட்டம்."

அடுத்த வருஷம் நம் விழுப்புரம் அணி முழுக்கப் பையன்கள். லோகோ ஷெட்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள், பள்ளி இறுதி முடித்துச் சும்மா இருந்தவர்கள். கோலியனூரிலிருந்து சைக்கிளில் வந்துபோன துரைக்கண்ணு லெஃப்ட் ஹாஃப். லீக் ஆட்டங்களிலேயே உதை வாங்கித் திரும்புவார்கள் என்று நினைத்தோம். அவர்கள் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. திண்டிவனத்தில் ஃபைனல் என்றானது.

பையன்கள் ஃபைனலைத் தாங்குவார்களா என்று மூட்டைகள்மேல் ஒரு வாரம் சண்டை. ஜவுளிக்கடை நயினார் பையன்கள் பக்கம். வரதப்பன் எதிர்ப்பக்கம். நுரை தள்ளும்வரை ஓடுகிறார்களே, அந்த உழைப்பு உன் கண்ணில் படவில்லையா என்பார் நயினார்.

"ஓடறதுக்கு ஜட்கா குதிர போதுங்க நயினாரே. டிரா ஆனா மறுநாளும் ஆடணும். ஒருத்தனுக்கு முட்டி பேந்துதுன்னா யார எறக்குவீங்க? கையிருப்பு எங்க கீது?"

"உன் ஆபீஸ்லதான் மூட்ட மூட்டையா கீதே. அதுல ரெண்ட அவுத்து எறக்கு."

சிரித்தோம். நயினார் சமணர். விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டாகவேண்டியவர். வெயில் மங்க ஆரம்பித்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவார். "பொழுதோட ஜெயிச்சிட்டுப் போங்க," என்று வரதப்பன் சீண்டுவார்.

அந்தப் போட்டியில் ஃபைனலுக்கு மூன்று வெளியூர் ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லா ஊர்களும் செய்ததுதான். மெட்ராஸ் போய் மூன்று பேரைக் கூட்டி வருகிறேன் என்றார் வரதப்பன். நயினார் கடுமையாக மறுத்தார். ஜெயித்து வந்தவன் வெளியே நிற்பதா என்று கேட்டார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். அதன்பிறகு மறுக்க ஆளில்லை. ஐந்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. அவர் எழுந்து போவதற்காகவே நாம் எல்லோரும் காத்திருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

பையன்களிடம் சொல்லவில்லை. "சொன்னா மூஞ்சத் தூக்கிக்குவானுங்க. கூட வரட்டும். மறுநாள் ஆட்டம் வந்தா வேணும்," என்றார் வரதப்பன். அவர் கேட்ட கையிருப்பு அவர்களே ஆனார்கள்.

திண்டிவனம் மைதானத்தில் புளியமரத்தடியில் ஜெர்ஸி கொடுத்தார்கள். பதினொன்று. மெட்ராஸ்காரர்கள் மூவரும் முதலில் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் நம் பையன்களில் மூன்று பேர் பனியனோடு நின்றார்கள். துரைக்கண்ணு அப்போதும் கையை நீட்டியபடி இருந்தான். இன்னும் ஒன்று மடிப்புக்குள் இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ. பிறகு கையை எடுத்து மட்டையைப் பிடித்துக்கொண்டான்.

ஜெயித்தோம். ஒன்றுக்கு மூன்று. மூன்று கோலும் மெட்ராஸ்காரர்கள் போட்டது. கோப்பை கைக்கு வந்ததும் அவர்கள் வேர்வையில் நனைந்த ஜெர்ஸிகளைக் கழற்றி வைத்துவிட்டு, மாலையோடு ஜட்காவில் ஏறி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். போட்டோ எடுக்க வந்தவர் எண்ணிப் பார்த்தார். எட்டுப் பேர். மீதி மூன்று பேர் எங்கே என்றார். வரதப்பன் ஓடிப்போய் அந்த ஜெர்ஸிகளை எடுத்துவந்து ஒன்றைத் துரைக்கண்ணுவிடம் நீட்டினார். "போட்டுக்கினு வா, ஜல்தி."

துரைக்கண்ணு வாங்கினான். உதறி மடித்தான். திருப்பிக் கொடுத்தான்.

"ஜெயிச்சது நீங்கதாண்ணே. நீங்களே போட்டுக்குங்க."

அவன் குரலில் கோபம் இல்லை. உபசாரம் போலத்தான் இருந்தது. நாம் சிரித்தோம். "போட்டுக்கடா வரதா, தொப்பைக்குப் பத்தாது," என்று நம்மில் யாரோ கத்தினார். வரதப்பன் சிரிக்கவில்லை. ஈர ஜெர்ஸியை வைத்துக்கொண்டு நின்றார். எட்டுப் பேரோடு போட்டோ எடுத்தார்கள்.

பிறகு அந்த வெற்றியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவர் எழுந்து தராசுப் பக்கம் போய்விடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை சைக்கிளை எடுக்கச் சொன்னார். கோலியனூர் போனோம். துரைக்கண்ணு வீட்டார் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் எழுந்து வந்து கையைத் துடைத்தான். அவன் அம்மா ஒரு முறம் பச்சை வேர்க்கடலையைக் கொண்டுவந்து வைத்து, சாப்பிடுங்க சார் என்றார்.

வரதப்பன் உட்காரவில்லை. "தப்பு என்து துரை. நீ ஆடமாட்டன்னு நான் சொல்லல. ஆடிப் பாக்க உன்ன உடல. மறுபடி வாப்பா."

"வேலை கெடக்குதுங்கண்ணே. ஆள் இல்ல."

அவ்வளவுதான். அவன் குனிந்து செடியைப் பிடித்தான். வரதப்பன் வரப்பில் வெகுநேரம் நின்றார். திரும்பும் வழியில், என்ன இருந்தாலும் நாம் ஜெயித்தோமே சார் என்றேன். அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டே சொன்னார்: "அதாம்ப்பா பேஜாரு. தோத்திருந்தா மறந்திருப்பேன்."

பல்கலைக்கழகத்தில் குற்ற உணர்வைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். அன்றுதான் அதைப் பார்த்தேன். சைக்கிளில், எனக்கு முன்னால், முதுகாக.

துரைக்கண்ணு பிறகு மட்டையைத் தொடவில்லை.

அடுத்த பருவத்தில் புதுப் பையன்கள். மறுபடியும் ஃபைனல், மறுபடியும் திண்டிவனம். எதிரணியில் இம்முறையும் வெளியாட்கள் மூன்று பேர். நாம் வரதப்பனைச் சூழ்ந்துகொண்டோம். மெட்ராஸ் போ, ஆளைக் கொண்டுவா. அவர் மறுத்துவிட்டார். இவர்கள் தயாராக இல்லை என்று நீயே சொல்லுவாயே என்று கேட்டோம். "இப்பவும் சொல்றேன். ரெடி இல்ல. எறங்காம எப்பிடி ரெடியாவானுங்க? தோக்கட்டும். அவங்களே தோக்கட்டும்," என்றார். கோழை என்றோம். துரைக்கண்ணு பேய் பிடித்து ஆட்டுகிறது என்றோம். "வெட்கப்படுற வரதப்பன்" என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரை வைத்தவர் யார் என்பது நமக்குத் தெரியும். அவர் பெயரை எழுதப் போவதில்லை. நாம் எல்லோரும் கூப்பிட்டோம்.

நம் பக்கம் மூன்றாவது கோல் விழுந்ததும் எழுந்தோம். நானும்தான். பஸ் ஏறினோம். சன்னல் வழியாகப் பார்த்தபோது கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். நாலாவது கோலும் விழுந்ததாகப் பிறகு தெரிந்தது. விசில் ஊதியதும் மைதானத்துக்குள் போய், ஒவ்வொரு பையனிடமும் அவன் விட்ட பந்தைப் பற்றிக் கேட்டாராம். திட்டவில்லையாம். அவர்களோடு ரெயிலில் வந்தாராம். மறுநாள் மூட்டைமேல் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "நல்லா தோத்தானுங்க எம்.ஏ. நீ பாத்திருக்கணும்."

என்னைக் குத்திக்காட்டச் சொன்னதில்லை அது. உண்மையிலேயே நான் பார்த்திருக்கவேண்டும் என்று நினைத்தார். அதனால்தான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். வேலை கிடைத்து திண்டிவனம் வந்தது சௌகரியமாயிற்று.

அடக்கத்துக்கு நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. தோற்ற அந்தப் பதினோரு பேரில் ஒன்பது பேர் பாடையோடு போனதாக நயினார் சொன்னார். துரைக்கண்ணு வந்தானா என்று நான் கேட்கவில்லை.

இங்கே திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் பாடம் சொல்கிறேன். சென்ற வாரம் ஆசிரியர் அறையில் அதே பேச்சு. எங்கள் பையன்கள் ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். சின்னவர்கள், தாங்கமாட்டார்கள், படித்து முடித்துப் போன இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால் கோப்பை நிச்சயம் என்றார்கள். எனக்கு ஹாக்கி தெரியும் என்று பெயர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாதங்கள் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. சரியான வாதங்கள்தான். அப்போது என் முகம் சுட்டது. "அவர்களே ஆடட்டும்," என்றேன். தோற்றால் என்று கேட்டார்கள்.

அது துணிச்சல் இல்லை. முகத்தில் ஏறிய அந்தச் சூடு வரதப்பனுடையது. ஆட்டத்தைப் பற்றி அவர் சொன்ன பலதும் மறந்துவிட்டது. இது மட்டும் என்னிடம் இருக்கிறது. அவர் உயிரோடிருக்கும்போது வாங்கிக்கொண்டிருக்கவேண்டியது.

சனிக்கிழமை ஆட்டம். எங்கள் பையன்கள் அநேகமாகத் தோற்பார்கள். அவரை அறிந்தவர்கள் வாருங்கள். பாதியில் எழுந்து போகாதவர்கள் மட்டும்.