மங்கையின் பழைய விலாசம்

மங்கை என் கடையின் பின்பாதியை வாடகைக்குக் கேட்டு வந்தது 2004-ல். செஞ்சி கடைத்தெருவில் அப்போது என்னிடம் ஒரு ஜெராக்ஸ் மிஷினும் நோட்டுப் புத்தகங்களும்தான். பின்பாதியில் காலி அட்டைப்பெட்டிகள் கிடந்தன. அனந்தபுரம் பக்கத்துக் காலனியிலிருந்து வந்த பெண், நாலு பழைய கம்ப்யூட்டரை வைத்துப் பிரவுசிங் சென்டர் நடத்தப் போகிறேன் என்றதும் என் நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். யார் மகள் என்று அவர் கேட்ட தினுசு எனக்குப் பிடிக்கவில்லை. எட்டாவதோடு நின்றவன் நான். அவளோ டிகிரி முடித்தவள். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பதினோரு வருடம் ஓடியது அந்த சென்டர். பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் கூட்டம் தெருவரைக்கும் நிற்கும். மார்க்கைப் பார்த்து அழுகிற பிள்ளைக்குத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள். கம்ப்யூட்டர் எழவில்லை என்றால் நாங்களெல்லாம் பெட்டியைத் தட்டுவோம். மங்கை தட்ட மாட்டாள். கறுப்புத் திரைக்கு முன்னால் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திரை எழுவதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் அவளுக்கு வேண்டும். அதைத் தேடித் தேடிப் படித்தாள். எல்லார் கைக்கும் போன் வந்து சென்டர் படுத்த நேரத்தில், சின்னச் சின்ன கம்ப்யூட்டர் போர்டு செய்கிற ஒரு சென்னைக் கம்பெனி அவளுக்கு அந்த வேலையையே கொடுத்தது.

அது என்ன வேலை என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். சொன்னாள். சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுவது ஒரு சின்ன புரோகிராம். பெரிய மெமரி, அதாவது ரேம், அப்போது தயாராக இருக்காது. அதை எழுப்புவதே இந்தப் புரோகிராமின் வேலை. அதுவரைக்கும் எதையாவது குறித்து வைக்க இடம் வேண்டுமே? பிராசசருக்குள்ளேயே வேறு வேலைக்கென்று வைத்திருக்கும் கொஞ்சூண்டு இடத்தைக் கைமாற்றாக எடுத்துக்கொள்வார்களாம். ரேம் எழுந்ததும் எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிட்டு, அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"எங்க கொட்டாய் மாதிரிண்ணே" என்றாள்.

அவள் நைனா பச்சைமுத்துவுக்குத் தொகுப்பு வீடு வந்தபோது, கட்டி முடிக்கும்வரை குடும்பம் பக்கத்திலேயே ஒரு ஓலைக் கொட்டாயில் இருந்தது. கால் நீட்டினால் சுவர் இடிக்கும். அதற்குள் அடுப்பு, அரிசிப் பானை, மங்கையின் சர்டிபிகேட் இருந்த தகரப்பெட்டி. வீடு முடிந்ததும் ஒரே காலையில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கொட்டாய் ஆடுகளுக்கு. போஸ்ட்மேனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர் வழக்கம்போல ஓலையில் செருகிவிட்டுப் போனது மங்கைக்கு வந்த இன்டர்வியூ கார்டு. பாதியை ஆடு தின்றிருந்தது. மீதி கிடைத்தபோது தேதி தாண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் என் கடைக்கு வந்தாள். எல்லாக் கடுதாசிக்கும் என் கடை விலாசத்தையே கொடுக்கத் தொடங்கினாள். சென்டரை மூடி வேலையை வீட்டோடு வைத்துக்கொண்ட பிறகும் அதை மாற்றவில்லை. பார்சல் வந்தால் போன் போடுவேன், வந்து வாங்கிப் போவாள்.

போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை முகம் செத்துப் போய் வந்தாள். அவள் புரோகிராம் எழுதிய புது போர்டு, பத்து தடவை போட்டால் எட்டு தடவைதான் எழுகிறது. இரண்டு தடவை அப்படியே நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது இனி கிடையாது, சென்னைக்கு வந்து ஆபீசில் உட்கார வேண்டும் என்று கம்பெனி எழுதிவிட்டது.

சென்னை அவளுக்குப் புதுசில்லை. நைனா பச்சைமுத்து இறந்துபோன வருடம், அம்மா லட்சுமியம்மாளையும் கூட்டிக்கொண்டு அங்கே குடிபோய்ப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் கிழவி யாரிடமும் சொல்லாமல் திண்டிவனம் பஸ் ஏறி, ஊர் வந்து, ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைத் தனியாக விட முடியாமல் மங்கையும் இரண்டு மாதத்தில் திரும்பினாள். இன்றைக்கு லட்சுமியம்மாளுக்குக் கண்ணும் சரியில்லை.

இடம் பத்தாமல் போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். அந்தத் தற்காலிக இடம் முழுக்க ஒரே அடையாளத்தை நிரப்பி, புரோகிராமை ஓடவிட்டு, எது வரைக்கும் அடையாளம் அழிந்திருக்கிறது என்று பார்த்தாளாம். குளத்துச் சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டைப் பார்ப்பது போல. பாதிகூட ஏறவில்லை. கொட்டாயில் இருந்து பழகியவள், இடத்தை வீணடிக்க மாட்டாள். அப்புறம் ஏன் நிற்கிறது? செவ்வாயும் புதனும் அதிலேயே போயின.

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து இன்னொரு போர்டு பார்சலாக என் கடைக்கு வந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன். வெயில். வழியில் ரோடு வேறு தோண்டிப் போட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கோபம்தான் இருந்தது.

"ஊடு மாறி எத்தினி வருசமாவுது? இன்னும் என் கட அட்ரஸ்தான் குடுப்பியா?"

"மாத்தணும்ணே." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாளைக்கு நான் காலி பண்ணினு பூட்டேன்னு வை. கொரியர்காரன் பழக்கத்துல அங்கதான் வந்து நிப்பான். உள்ள எவனோ இருப்பான். உன் பேர கேட்டா வாய்க்கு வந்தத சொல்வான். இவனும் அத நம்பினு போவான்."

மங்கை திரும்பினாள். என்னைப் பார்த்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. லட்சுமியம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிப்பதற்குள் மங்கை திரைப் பக்கம் திரும்பி எதையோ மேலும் கீழும் தேடினாள்.

"எல்லாத்தையும் தூக்கினு வந்துட்டேண்ணே" என்றாள் பிறகு, மெதுவாக. "வெலாசத்த மாத்தல."

கொட்டாயில், அதாவது பிராசசருக்குள் இருந்த அந்தத் தற்காலிக இடத்தில், ஒரு பட்டியல் போட்டு, அது இருக்கும் இடத்தையும் குறித்து வைத்திருந்தாள். ரேமுக்கு மாறும்போது பட்டியலும் கூடவே வந்துவிட்டது. ஆனால் புரோகிராமில் ஒரு மூலை மட்டும், குறித்து வைத்த பழைய இடத்துக்கே போய்த் தேடிக்கொண்டிருந்தது. அங்கே பழைய எழுத்து அழியாமல் கிடந்தால் வேலை நடக்கும். வேறு ஏதாவது வந்து உட்கார்ந்திருந்தால், அதைப் பட்டியல் என்று நம்பி, நின்றுபோகும்.

சாயந்திரத்துக்குள் திருத்திவிட்டாள். இடத்தைக் குறிக்காமல், குடியிருக்கும் இடத்தின் தொடக்கத்திலிருந்து இத்தனை தூரம் என்று குறித்தால் எங்கே குடிபோனாலும் கணக்குத் தப்பாதாம். மறுநாள் காலையில் நான் போனபோது போர்டைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள். நூற்று எண்பதோ என்னவோ ஆகியிருந்தது.

"இத்தினி தபா அணைச்சா பொருளு கெட்டுடாதா?" என்றாள் லட்சுமியம்மாள். பட்டணம் போக வேண்டியதில்லை என்று அவளுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து தழையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இருநூறு முடிந்தது. ஒருமுறைகூட நிற்கவில்லை. மத்தியானமே கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது, ஊரில் இருந்தே வேலையைப் பாருங்கள் என்று.

திங்கட்கிழமை கடைக்கு வந்து கம்பெனியின் விலாச மாற்றப் படிவத்தைப் பிரின்ட் போடச் சொன்னாள். பின்பாதியில் இப்போது மறுபடியும் அட்டைப்பெட்டிகள்தான். நாலு மேசைக் கால்களின் தடம் மட்டும் சிமெண்டில் இருக்கிறது. அந்தப் பெட்டிகள் மேலேயே காகிதத்தை வைத்து, பழைய விலாசம் என்ற இடத்தில் என் கடைப் பெயரை எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு.

"கோவமாண்ணே?"

"எனக்கு இன்னா கோவம்? அலைச்சல் மிச்சம்" என்றேன்.

கொரியர்காரன் இப்போது என் கடையைத் தாண்டி நேராகப் போகிறான். போன வாரம் மட்டும் பழக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டான். அவங்க இங்க இல்ல, வீட்டுக்குப் போ என்றேன். அனுப்புவதற்கு முன்னால் பார்சலைக் கையில் வாங்கி, பெயரை ஒருமுறை படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.