ஓம், சாப்பிட்டாச்சு

தொண்ணூறுகளின் நடுவில், டோர்செட் பார்க் என்ற குடியிருப்புப் பகுதியின் சமூக நிலையத்தில், புலம்பெயர்ந்து வந்த எங்கள் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு எடுக்கச் சேர்ந்தேன். முதல் வகுப்பிலேயே ராசமணி அன்ரி தலைசுற்றிச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உதவிக்குக் குரல் கொடுத்தேன்.

தொடங்குமுன் எல்லோரிடமும் "சாப்பிட்டியளோ?" என்று கேட்டிருந்தேன். ட்ரெயினிங்கில் சொல்லித்தந்த கேள்வி அது. "ஓம், சாப்பிட்டாச்சு" என்றார்கள். உண்மையில் பாதிப் பேர் கந்தசஷ்டி விரதம் என்பது அன்ரி சாய்ந்த பிறகுதான் தெரிந்தது. நம்மவர்களிடம் அப்படிக் கேட்டால் வேறென்ன பதில் வரும்? பட்டினி கிடந்தாலும் ஓம் என்பதுதான் மரியாதை.

சூப்பர்வைசர் லிண்டா ஓடிவந்தார்.

"பால் குடிக்கலாமோ அன்ரி?" என்று கேட்டேன்.

"பாலும் பழமும் எடுக்கலாம் பிள்ளை."

நான் விரதத்தைப் பற்றி விளக்க, லிண்டாவே பாலைச் சூடாக்கிக் கொண்டுவந்தார். அன்ரி தெளிந்த பிறகு, விரதகாரர் வரக்கூடாது, இன்னொரு முறை இப்படி நடந்தால் வகுப்பையே நிறுத்திவிடுவேன் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அன்ரியின் முகம் வாடிப்போனது.

"மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் நான் அப்பார்ட்மென்டில தனிய. கிழமையில உந்த வெள்ளிக்கிழமைதான் வெளியில வாறன். விரதத்தையும் விடேலாது, உந்த வகுப்பையும் விடேலாது."

எனக்குத் தாங்கவில்லை. நம்மவர்களுக்கு ஒரு விரதம் முடிந்தால் அடுத்தது காத்திருக்கும். இன்னும் ஒரே ஒரு வகுப்பு நடத்திப் பார்க்கிறேன் என்று லிண்டாவிடம் கெஞ்சினேன். தானும் கூட நிற்பதாகச் சொல்லிச் சம்மதித்தார்.

அடுத்த வெள்ளி, கந்தசஷ்டி முடிந்திருந்தாலும் பலர் வெள்ளிக்கிழமை விரதம்; ட்ரெயினிங்கில் படித்ததை எங்கள் அடுப்படிப் பேச்சில் சொன்னேன்.

"உடம்பு மூண்டு விதமா எரியும். சட்டெண்டு எழும்பேக்க கற்பூரம். உடன பத்தி உடன அணையும். வேகமா ஆடேக்க காய்ஞ்ச ஓலை. அது சாப்பாட்டில இருந்து வாற சீனி. மெல்ல ஆறுதலா நடக்கேக்க கூடுதலா விறகு. அது கொழுப்பு, நிண்டு எரியும். விரத நாளில ஓலை குறைவு. அதால இண்டைக்கு விறகிலதான் சமையல். நடந்துகொண்டே தேவாரம் பாடுங்கோ. மூச்சு வாங்கிப் பாட்டு அறுந்தால் வேகம் கூடிப்போச்சு எண்டு அர்த்தம்."

"பாடத்தான் வேணுமோ? கதைச்சால் காணாதோ?" என்றார் ஒருவர்.

"உங்கட கதை மூச்சு நிண்டாலும் நிக்காது அன்ரி."

மண்டபத்தைச் சுற்றிப் பாடியபடி நடந்தார்கள். ராசமணி அன்ரியின் பக்கத்திலேயே லிண்டா நடந்தார், காது முழுக்க அவர் பாட்டில். பாட்டு எங்கும் அறுபடவில்லை.

கடைசியில் லிண்டா என்னிடம், "ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் மூச்சு நன்றாகப் புரிந்தது. அடுத்த வெள்ளியும் வரச் சொல்லுங்கள்" என்றார். அன்ரியிடம் சொன்னபோது அவர் லிண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, சாப்பிட்டீர்களா என்று கேட்காதீர்கள். இன்றைக்கு என்ன விரதம் என்று கேளுங்கள். உண்மை வரும். ராசமணி அன்ரிக்கும் லிண்டாவுக்கும் நான் பட்ட நன்றிக்கடன் பெரிது. லிண்டா அங்கே இருந்தவரை, வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் வரும்போது சமையலறையில் பால் சூடாக இருக்கும்.