சீல் உடைந்த பிரேக் ஆயில்

மீமிசலிலிருந்து மீன் கொண்டுவரும் காத்தாயி, அரிமளத்தில் ரெங்கராஜ் தலையைக் கண்டால் கூடையை மூடிவிடுவாள். மனிதர் செவுளைப் புரட்டுவார், கண்ணை அமுக்குவார், மோந்து பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால், "இம்புட்டு நல்ல மீனை அங்கிட்டே வித்துருக்கலாமே, எதுக்கு இங்கிட்டுத் தூக்கிட்டு வார?" என்பார். அவள் என்ன பதில் சொல்வாள்? மீன் கெட்டிருந்தால் ஒரு குற்றம், கெடாமல் இருந்தால் அதைவிடப் பெரிய குற்றம்.

தொழில் அவரை அப்படி ஆக்கிவிட்டது என்று மனைவி அமிர்தவல்லி சொல்வாள். கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளர். அடகுக்கு வரும் சங்கிலியை உரைத்துப் பார்த்துத் தங்கமா முலாமா என்று சொல்லும் வேலை. இதுவரை ஒரு போலியும் அவர் கையைத் தாண்டி உள்ளே போனதில்லை. அந்தப் பெருமை வங்கியோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. சாயங்காலம் உரைகல்லை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சந்தேகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

இப்படிப்பட்டவர் பழைய கார் வாங்கலாமா? வாங்கினார்.

மகள் ரம்யாவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவானதும் அவருக்கு ஓர் ஆசை கிளம்பியது. பெண்ணை ஓர் அம்பாசடரில் உட்காரவைத்து, தானே ஓட்டிக்கொண்டு போய்ப் புதுக்கோட்டை மண்டபத்து வாசலில் இறக்க வேண்டும். ஆலங்குடிப் பக்கம் ஒரு முந்திரிக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த வண்டியைப் பார்த்துச் சொன்னவன் செந்தமிழன், அமிர்தவல்லியின் தம்பி. சிங்கப்பூரில் பஸ் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்து ஆலங்குடியில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அரிமளத்துக்கு வந்து வண்டிக்கு அடியில் படுத்துவிடுவான். கூலி என்று பேச்செடுத்தால், "எம் மருமகளுக்குச் செய்றேன், போங்க மச்சான்" என்பான்.

அதுதான் ரெங்கராஜை உறுத்தியது. காசு வாங்குகிறவனைக் கேள்வி கேட்கலாம். சும்மா செய்கிறவனை என்னவென்று கேட்பது? சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று அவர் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

முதல் கோளாறு ஒரு சத்தம். கியர் போட்டு கிளட்சை விட்டால் வண்டியின் பின்பக்கம் 'தடக்' என்று அடித்தது. செந்தமிழன் அடியில் படுத்து நீளத் தண்டைக் கையால் திருகிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் சுத்துறதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போற ஷாப்ட்டு மச்சான் இது. இதோட முட்டுல இருக்குற கிராஸ் தேஞ்சு போச்சு. மாத்திட்டாச் சரியாப் போயிரும்" என்றான்.

ரெங்கராஜ் தலையாட்டிவிட்டு உள்ளே போய் செல்போனை எடுத்தார். 'பழைய வண்டி உறவுகள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் அவர் சேர்ந்திருந்தார். அங்கே யோசனை கேட்டார். எப்படிக் கேட்டார் என்பதுதான் விசேஷம். வண்டி தன் நண்பருடையது என்று எழுதினார். சத்தம் முன்னாலிருந்து வருகிறது என்று எழுதினார். உண்மையை அப்படியே சொன்னால் அதற்கேற்ற கதை கட்டுவார்கள், ஒரு பொய்யைக் கலந்து சொன்னால் விஷயம் தெரிந்தவன் மட்டும் அதைப் பிடிப்பான் என்பது அவர் கணக்கு. வைத்தியரிடம் போய்க் கால்வலியைத் தலைவலி என்று சொல்லி, வைத்தியர் கெட்டிக்காரரா என்று பார்க்கிற ஆளை என்னவென்று சொல்ல?

ஒருவர் எஞ்சின் தாங்கியைப் பார்க்கச் சொன்னார். ஒருவர் கியர் பாக்ஸைச் சொன்னார். இன்னொருவர் நண்பரை வண்டியை விற்றுவிடச் சொன்னார். ஆளுக்கொன்று சொன்னதால் அவர்கள் எல்லாரும் புளுகர்கள் என்று முடிவு கட்டினார். செந்தமிழன் அவர்கள் யாரும் சொல்லாததைச் சொன்னதால் அவன் இன்னும் பெரிய புளுகன்.

கிராஸை மாற்றியதும் சத்தம் நின்றது. அப்போதாவது மனசு ஆறியதா? கழற்றிப் போட்ட பழைய கிராஸைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்ப் புதுக்கோட்டையில் வேறொரு பட்டறையில் காட்டினார். "நல்லாத் தேஞ்சிருக்குங்க, மாத்துனது சரிதான்" என்றான் அந்த மெக்கானிக். இவனும் செந்தமிழனுக்கு வேண்டப்பட்டவனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

அடுத்து பிரேக். சக்கரங்களுக்குள் இருக்கும் பிரேக் சிலிண்டர்களுக்கெல்லாம் புது ரப்பர் போட்டான் செந்தமிழன். அமிர்தவல்லியை உள்ளே உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லி, குழாயிலிருந்த காற்றை எடுத்தான். மீதி ஆயில் பாட்டிலை மச்சானிடம் கொடுத்து, "புதுசா வேலை பாத்தது, கொஞ்சம் எறங்கும். கொறைஞ்சா இந்தப் பிரேக் ஆயிலை ஊத்திக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பாட்டிலின் சீல் உடைந்திருந்தது. பாதி ஊற்றிய பாட்டிலில் சீல் உடையாமல் எப்படி இருக்கும்? இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ரெங்கராஜ் கண்ணுக்குத் திறந்த பாட்டில் என்றால் கலப்படம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், விரலில் தொட்டுத் தேய்த்தார். ஆயில் என்கிறான், வழவழப்பே சரியில்லையே என்று தோன்றியது. பாட்டிலை அலமாரியின் பின்பக்கம் தள்ளினார். அங்கேயே எஞ்சினுக்கென்று வாங்கி வைத்த ஆயில் டப்பா ஒன்று இருந்தது. உசத்திச் சரக்கு. தானே கடைக்குப் போய், சீலைத் தடவிப் பார்த்து வாங்கியது. அதுவும் ஆயில், இதுவும் ஆயில். நாலு நாளில் பிரேக் டப்பாவில் மட்டம் இறங்கியதும், எஞ்சின் ஆயிலை நிதானமாக ஊற்றி மூடினார். இந்தச் சங்கதியை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

பத்திரிகை வைக்க அமிர்தவல்லியோடு திருமயம் போன அன்று வண்டி கனத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் நகர்ந்தது. கருகல் வாடை அடித்தது. இறங்கிச் சக்கரத்தைத் தொட்டால் கை பொசுங்கியது. பெடல் கல்லாக இருந்தது. மிதித்தால் நிற்காத வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இது மிதிக்காமலே நின்றுவிட்டது. அமிர்தவல்லி பத்திரிகைப் பையோடு பஸ் பிடித்துப் போனாள். இவர் ரோட்டோரம் நின்று குழுவில் எழுதினார்: 'பிரேக் பிடிக்குது. என்ன செய்ய?'

'பிடிக்கட்டும்ங்க. அதுக்குத்தானே பிரேக்கு' என்று பதில் வந்தது. கீழே ஏழெட்டுப் பேர் சிரித்திருந்தார்கள். பிடித்தது விடவில்லை என்று அவர் விளக்கி எழுதியபிறகு, ஷர்லி என்ற பெண் மட்டும், 'என்ன ஆயில் ஊத்துனீங்க?' என்று கேட்டிருந்தாள். புதுக்கோட்டையில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவள். 'எல்லாம் கம்பெனிச் சரக்கு' என்று எழுதிவிட்டுப் போனை மூடினார். கடைக்காரி ஆயிலைக் கேட்டால் ஆயில் விற்கத்தானே கேட்பாள்?

அவர் சந்தேகம் அதற்குள் செந்தமிழன்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. சங்கிலி, கிராஸ், மீன், மச்சினன் என்று எல்லாவற்றையும் சோதித்த மனிதர் ரெங்கராஜை மட்டும் ஒருநாளும் சோதித்ததில்லை.

சக்கரம் ஆறியபிறகு வண்டியை ஒருவழியாக வீடு சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை செந்தமிழன் வந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றார். "மாப்ள, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனச்சுக்காத" என்றார். தப்பாக நினைக்க வேண்டிய பேச்செல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

"கேளுங்க மச்சான்."

"பழைய ரப்பரையே கழுவி மாட்டிட்டு, புதுசை ஒம் பட்டறைக்குக் கொண்டு போயிட்டியா?"

செந்தமிழன் எழுந்து கழிவுத்துணியில் கையைத் துடைத்தான். "ரம்யா ஒக்காரப்போற வண்டி மச்சான் இது" என்றான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, அக்காவிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டான்.

அதன்பிறகு அமிர்தவல்லி போன் செய்தால் எடுக்கவில்லை. நடந்ததைப் புருஷன் வாயிலிருந்து பிடுங்கியதும் அவள் கத்தவில்லை. "பொண்ணுக்கு மாலை போட்டுக் கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரத் தாய்மாமன் வேணும். எனக்கு இருக்குறது ஒரே தம்பி. அவன் வரலைன்னா யாரு போடுவா மாலை, ஒங்க சந்தேகமா?" என்றாள். ரம்யா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ரெங்கராஜோ, தான் சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். பாவி மனுசன்.

திறந்து கிடந்த சக்கரத்திலிருந்து ஒரு ரப்பரைப் பிடுங்கிக்கொண்டு ஷர்லி கடைக்குப் போனார். "இது பழைய ரப்பர்தானேம்மா?"

ஷர்லி அதை விரலில் அமுக்கினாள். "புதுசு சார். செந்தமிழன் எங்கிட்டத்தான் வாங்குனாரு. என்னா, இப்பிடி உப்பிப் போயிருக்கு?" மூக்கருகே கொண்டுபோனாள். "என்ன ஆயில் ஊத்துனீங்க?"

"பிரேக் ஆயில்தான்."

"சார், வாடை அடிக்குது. எஞ்சின் ஆயில் ஊத்துனீங்களா, இல்லையா?"

அவர் அலமாரியில் இருந்த டப்பாக்களைப் பார்க்க ஆரம்பித்தார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. "நம்ம ஊர்ல எல்லாரும் அதைப் பிரேக் ஆயில்னுதான் சொல்றோம். பேருதான் ஆயிலு, அது எண்ணெயே கெடையாது. அசல் எண்ணெய் பட்டா இந்த ரப்பரு ஊறப்போட்ட கொண்டக்கடலையாட்டம் உப்பிரும். உப்பிப்போயி அடச்சுக்கிட்டா, பிடிச்ச பிரேக்கு விடாது. இதை வாட்ஸ்அப்லயே கேட்டேன்ல? அன்னிக்கே உள்ளதைச் சொல்லியிருக்கலாம்ல?"

கேட்டுக்கொண்டார். நம்பினாரா? அதுதான் இல்லை. செந்தமிழன் வாடிக்கைக்காரன், அவனுக்காகப் பேசுகிறாளோ என்று தோன்றியது. இரண்டு புது ரப்பர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒன்றைத் தன் எஞ்சின் ஆயிலில் போட்டார். மற்றதைச் செந்தமிழன் கொடுத்த சீல் உடைந்த பாட்டிலிலிருந்து ஊற்றிய டம்ளரில் போட்டார். போகும்போதும் வரும்போதும் எடுத்துப் பார்த்தார். அந்த வாரம் முடிவதற்குள் எஞ்சின் ஆயிலில் கிடந்தது கொழுகொழுவென்று உப்பியிருந்தது. செந்தமிழன் ஆயிலில் கிடந்தது போட்டபடியே இருந்தது.

மச்சினன் தங்கம். முலாம் தான்தான்.

அன்றைக்கே ஆலங்குடிக்குப் போனார். பட்டறையில் செந்தமிழன் ஒரு டிராக்டரைப் பிரித்துப் போட்டிருந்தான். "வாங்க மச்சான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். மரியாதையில் குறையில்லை.

"தப்பு என்மேலதான் மாப்ள. எஞ்சின் ஆயிலை ஊத்துனது நாந்தான்" என்றார் ரெங்கராஜ். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். பையிலிருந்து இரண்டு ரப்பரையும் எடுத்து மேசைமேல் வைத்தார். "பாரு, ரெண்டையும் போட்டுப் பாத்தேன். ஒன் ஆயில்ல ஒண்ணும் ஆகலை. ஒம்மேல ஒரு குத்தமும் இல்லை."

சாட்சியைக் கொண்டுவந்த மகிழ்ச்சி அவர் முகத்தில் இருந்தது. செந்தமிழன் ரப்பரைத் தொடவில்லை.

"அப்ப, இந்த ரப்பரு உப்பலைன்னா இங்க வந்திருக்க மாட்டீங்க."

ரெங்கராஜ் ரப்பர் இரண்டையும் எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"அக்கா கல்யாணத்தப்ப நான் பத்தாவது படிச்சேன். அன்னையிலேருந்து பாக்குறீங்க என்னை. அது போதலை. டம்ளர்ல போட்டுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்." அவன் குரல் உயரவே இல்லை. "நீங்க கெளம்புங்க மச்சான். ரம்யாவுக்குத் தாய்மாமன் வருவான். ஒங்களுக்கு மச்சினன் வரமாட்டான்."

சொன்னபடியே செய்தான். ரெங்கராஜ் வங்கிக்குப் போன ஒரு நாள் அரிமளம் வந்து, பிரேக் குழாயெல்லாம் கழுவி, ரப்பர் அத்தனையும் புதிதாக மாற்றி, அவர் திரும்புவதற்குள் கிளம்பிவிட்டான். கல்யாணத்தன்று அம்பாசடர் ஒரு சத்தமில்லாமல் ஓடியது, மண்டபத்து வாசலில் அவர் மிதித்த இடத்தில் நின்றது. ரம்யா இறங்கினாள். பின்னாலேயே செந்தமிழன் தட்டுத்தட்டாகச் சீர் கொண்டுவந்தான். மருமகளுக்கு மாலை போட்டான், கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தான், தாலி கட்டும்போது பக்கத்தில் நின்றான். ரம்யா அழுதபோது கண்ணைத் துடைத்துவிட்டான். சொந்தக்காரர்கள் தாய்மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

பந்தி ஆரம்பித்தது. அமிர்தவல்லி முதல் வரிசையில் தம்பிக்கென்று இலை போட்டுவிட்டு அவனைத் தேடினாள். அவன் வாசலில் பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவள் ஓடிப்போய் ஏதோ சொல்வதும், அவன் தலையசைப்பதும் ரெங்கராஜுக்கு உள்ளிருந்தே தெரிந்தது. கை நனைக்காமல் போகிறான். எதற்கென்று அந்த மண்டபத்தில் ரெங்கராஜ் வீட்டாருக்குத்தான் தெரியும்.

அமிர்தவல்லி திரும்பி வந்தாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி எலை காலியா கெடக்கு. நீங்க ஒக்காருங்க" என்றாள்.

ரெங்கராஜ் அந்த இலையில் உட்கார்ந்தார். சோறு வைத்துப் பருப்பு ஊற்றினார்கள். பிசைந்தார். பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிட்டு எழுந்து போகும்வரை பிசைந்துகொண்டே இருந்தார்.