தொண்டூர்க்காரி திரித்த புரி

கத்தாழைச் சாறு பட்டால் தோல் அரிக்கும் என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டேன் என்று நைனாவிடம் சொன்னேன். மறக்கவில்லை.

என் அண்ணன் தொண்டூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண் அவள். அறுபதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம். அவளுக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். எனக்கு இருபத்திரண்டு. திண்டிவனம் பக்கம் ஒரு வீட்டில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒன்றரை வருஷம் வைத்திருந்துவிட்டு, வாய் நீளம் என்று சொல்லி ஒரு நாள் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய நாலாவது மாதம் அண்ணனுக்குக் கல்யாணம். பந்தலில் யாரும் என்னைத் தாம்பூலம் கொடுக்கக் கூப்பிடவில்லை. எங்கள் அம்மா செத்து வெகு நாளாகியிருந்தது. கூப்பிட வேண்டியவர் அப்பா, எங்கள் நைனாதான். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குக் கயிறு திரிக்கிற தொழில். வேலியோரத்திலும் மலையடியிலும் தானாக முளைத்துக் கிடக்கும் கத்தாழையை அண்ணன் அறுத்துக்கொண்டு வருவான். மடலின் ஓரத்து முள்ளைச் சீவி எடுத்து, கட்டுக் கட்டாகக் குட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே கல்லை ஏற்றிவைப்போம். பதினைந்து நாளில் சதை அழுகிவிடும். எடுத்துக் கல்லில் அடித்து அலசினால் உள்ளே இருக்கிற நார் மட்டும் நிற்கும். அந்த நாற்றம் குளித்தாலும் போகாது. வெள்ளை வெளேரென்று நார் வேண்டுமென்றால் ஊறப்போடாமல் பச்சை மடலையே பலகையில் வைத்து மழுங்கின இரும்பால் சுரண்ட வேண்டும். அதில்தான் சாறு தெறிக்கும். கையிலும் கழுத்திலும் விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் செய்யாது.

அவள் வந்த ஒன்பதாம் நாள், முதல் வேலையாகப் பச்சை மடலை அவள் முன்னால் போட்டேன். எண்ணெய்க் கிண்ணம் உள்ளே மாடத்தில் இருந்தது. நான் வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குள் அவள் இரண்டு கையும் முழங்கை வரை தடித்துச் சிவந்துவிட்டன. கழுத்தைச் சொறிந்தாள், கண்ணைக் கசக்கினாள், கண்ணும் வீங்கிவிட்டது. “அக்கா, இன்னாக்கா இது, நெருப்பு மாதிரி எரியுது” என்று வந்து நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை.

அவள் அழவில்லை. அடுத்த நாள் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு எண்ணெய் பூசிக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றே மாதத்தில் என்னைவிட நன்றாகத் திரித்தாள்.

கயிறு திரிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி ராட்டையைச் சுற்றுவாள். இன்னொருத்தி நாரை மடியில் கட்டிக்கொண்டு, ராட்டைக் கொக்கியில் ஒரு நுனியை மாட்டி, நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே பின்பக்கமாக நடப்பாள். நடக்க நடக்கப் புரி நீளும். இப்படி மூன்று புரி சேர்ந்தால் ஒரு கயிறு. பெரும்பாலும் நான் சுற்ற, அவள் நடப்பாள்; சில சமயம் மாறிக்கொள்வோம். நாள் முழுக்க எதிரும் புதிருமாக அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் வேண்டுமென்றே ராட்டையை வேகமாகச் சுற்றுவேன். முறுக்கு ஏறி நார் அவள் விரலை அறுக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு நடப்பாளே தவிர, மெதுவாகச் சுற்று என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை எனக்கு அவள்மேல் அத்தனை வெறுப்பு வளர்ந்திருக்காது.

ஒரு நாள் நைனா அவள் திரித்த புரியை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, “இது கை. நீயும்தான் பாவாடை கட்டுன நாள்லேர்ந்து திரிக்கிற” என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புரியிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

அந்த வாரம்தான் நான் அந்தக் கத்தாழைக் கட்டைக் கண்டெடுத்தேன். ஊறப்போட்டதில் ஒன்று பெரிய கல்லுக்கு அடியில் நழுவிப் போய் எடுக்காமலே கிடந்திருக்கிறது. ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். சதை போய் நாரும் அழுகத் தொடங்கியிருந்தது. அந்த நாரைத் தூக்கி எறிய வேண்டும். நான் எறியவில்லை. நன்றாக அலசி, இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டேன். காய்ந்த பிறகு பார்வைக்கு மற்ற நாரைவிட அழகாகவே இருந்தது. பட்டுப் போல மின்னியது. ஒரு கொத்தை எடுத்து வெடுக்கென்று இழுத்தேன். அறுந்தது. அதைக் கொண்டுபோய் அவள் கூடையில் வைத்தேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். கயிறு முடிந்ததும் நைனா அதைப் புளியமரத்தில் கட்டி இரண்டு பேரை விட்டு இழுக்கச் சொல்லிப் பார்ப்பார். அப்போது அவள் புரி அறுந்துபோகும். எல்லார் முன்னாலும் அவள் தலை குனிந்து நிற்பாள். அதை நான் ராட்டைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

நாரைத் தொட்டதுமே அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அக்கா, இது ஒரு மாதிரி மெத்துனு இருக்குதே?”

“புது நார் அப்டித்தான் இருக்கும். வேலையப் பாரு.”

“இல்லக்கா, அழுவின வாசன வருது.”

“உனக்கு நேத்துதான் நாருன்னா இன்னான்னே தெரியும். எனக்குச் சொல்லித் தர வர்றியா?”

அவள் அதை மடியில் கட்டிக்கொண்டாள். நடந்தாள். கயிற்றின் மூன்றாவது புரி அது; முதல் இரண்டையும் நான் நடந்து திரித்திருந்தேன்.

நைனாவுக்கு அந்த வாரம் காய்ச்சல். எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். கரண்ட் வராத ஊர்களில் அப்போதெல்லாம் மாடு கட்டித்தான் தண்ணீர் இறைப்பார்கள். தடிக்கயிற்றுக்கு எங்களைத் தேடி வருவார்கள். பனமலைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி அவசரமாக வந்தார். அண்ணன் உள்ளே போய்ப் புதுக்கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். இழுத்துப் பார்க்கவில்லை. நான் வாசலில் நின்றேன். அந்த ஆள் கயிற்றைச் சுருட்டி, வண்டியில் போட்டு, மாட்டைப் பூட்டி, வெற்றிலை போட்டு, அண்ணனோடு மழை வராததைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் கிளம்பினார். வாயைத் திறக்க எனக்கு அத்தனை நேரம் இருந்தது. தண்ணீர் இறைக்கிற கயிறுதானே, அறுந்தால் தண்ணீர் மொள்ளும் சால் கிணற்றில் விழும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மழையில்லாமல் கோடை நீண்டுகொண்டே போய், சில நாளில் அவருடைய கிணறு வற்றிவிட்டது. படியில்லாத கிணறு. சேறு எடுக்க ஓர் ஆளை அந்தக் கயிற்றைக் கட்டி உள்ளே இறக்கியிருக்கிறார்கள். பாதி ஆழத்தில் ஒரு புரி விட்டது. மற்ற இரண்டும் முறுக்குப் பிரிந்து ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. அந்த ஆள் பாறைமேல் விழுந்தான். உயிர் போகவில்லை. இடுப்பு எலும்பு முறிந்தது. செஞ்சியில்தான் அவனுக்கு வீடு, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. எனக்கு முகம் தெரியும்.

விவசாயி வந்து அறுந்த கயிற்றை எங்கள் வாசலில் வீசினார். “ஆள எறக்கற கயிறுடா இது. மாட்டு மூக்கணாங்கயிறுன்னு நெனச்சுத் திரிச்சீங்களா?” என்று கத்தினார். தெருவே கூடிவிட்டது. நைனா எழுந்து வந்து, கயிற்றை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான்.

“யார் திரிச்சது?”

நான்தான் பதில் சொன்னேன். “ரெண்டு புரி நான் திரிச்சது. அறுந்தது அவ திரிச்சது.”

அது பொய்யில்லை.

அவள் அண்ணனைப் பார்த்து, “உள்ள வாங்க, ஒண்ணு சொல்லணும்” என்றாள். இருவரும் உள்ளே போனார்கள். தாழ்ந்த குரலில் அவள் ஏதோ சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு அடி விழும் சத்தம். வாசலில் நின்றவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்களோ என்னவோ, யாரும் உள்ளே போகவில்லை. நானும் போகவில்லை. நைனா தலையை நிமிர்த்தாமல் அந்தக் கயிற்றைப் புரி புரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது புரியை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

விடிந்ததும் அவள் முதல் பஸ்ஸில் தொண்டூர் போய்விட்டாள். ஒரு காது மடல் கிழிந்திருந்தது. முந்தானையால் மூடிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு நான் நார் அலசிக்கொண்டிருந்த இடத்துக்கு நைனா வந்தார். காய்ச்சலில் பாதியாக இளைத்திருந்தார். கரையில் குந்திக்கொண்டார்.

“ரெண்டு மாசம் முன்ன பன்னெண்டு கட்டு ஊறப்போட்டேன். பதினொண்ணுதான் கரைக்கு வந்துச்சு. மிச்சம் ஒண்ணு எங்க?”

நான் நாரைக் கல்லில் அடித்தேன்.

“கேக்கறேன் இல்ல?”

“எடுத்துட்டேன் நைனா.”

“எடுத்து?”

கையிலிருந்த நாரை முறுக்கிப் பிழிந்தேன். அவர் தண்ணீரைப் பார்த்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“உங்கண்ணங்கிட்ட சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத” என்றார். “அவளுக்கு அப்பன் வீடு இருக்குது. கூடப் பொறந்தவனுங்க நாலு பேரு இருக்கானுங்க, ஒரு வாய் சோறு போடுவானுங்க. உன்ன இங்கேர்ந்து தொரத்துனா எங்க போவ? அவ போவட்டும்.”

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் மிச்ச நாரையும் அலசி முடித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. கல்யாணப் பந்தலில் என் பக்கம் திரும்பாத நைனா, கடைசியில் அவளை விட்டுவிட்டு என்னை வைத்துக்கொண்டார் என்று ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று அப்படித்தான் இருந்தது.

ஐந்தாறு மாதம் போனது. அண்ணன் அவளைக் கூப்பிடப் போகவில்லை. வேறு பெண் பார்க்கிற பேச்சு எழுந்தது. அப்போதுதான் என்னால் சாப்பிட முடியாமல் போயிற்று. சோற்றைப் பிசைந்தால் ஊறின நாரின் வாடை வந்தது. ஒரு நாள் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறித் தொண்டூர் போனேன்.

களத்தில் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து அவள் செடியிலிருந்து மல்லாட்டைக் கடலையை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வரப்போரமாக வந்தாள். வா என்று சொல்லவில்லை. காது ஆறியிருந்தது. தோடு போடுகிற இடம் கோணிக்கொண்டிருந்தது.

“அந்த நாரு…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

அவள் என்னைப் புரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“சொன்னேனே. உள்ள கூட்டிட்டுப் போயி இன்னா சொன்னேன்னு நெனச்ச? ‘அழுவின நார உங்க தங்கச்சி குடுத்துச்சு, நான் கேட்டதுக்கு அதட்டுச்சு’ன்னு சொன்னேன். ‘வாழாவெட்டியா வந்து நிக்கறவ மேலயே பழி போடறியா’ன்னு கேட்டாரு. அதுக்குத்தான் அந்த அடி. கயித்துக்கு இல்ல.”

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“நான் வந்து அண்ணங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். நீ வந்துடு” என்றேன்.

“எங்க வர்றது? உங்க வூட்டுக்கா?” அவள் குரல் உயரவேயில்லை. “அழுவின நாருன்னு தெரிஞ்சுதான் நானும் திரிச்சேன். உங்கிட்ட வாய் குடுக்க பயந்துகிட்டுத் திரிச்சேன். அந்த ஆளு பாறையில கெடந்து கத்துனது என் காதுலயும்தான் கேக்குது. அதுல என் பங்க நான் வெச்சிக்கிறேன். உன் பங்கையும் இங்க கொண்டாந்து எறக்காத.”

மல்லாட்டைச் செடி குவிந்திருந்த பக்கம் திரும்பி நடந்தாள். இரண்டடி போய் நின்று, “தண்ணி வேணும்னா அந்தப் பானையில இருக்குது. குடிச்சிட்டுப் போ” என்றாள். நான் குடிக்கவில்லை. தாகமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். இலையைப் போட்டுக் குழம்பு ஊற்றினேன். நாலைந்து தடவை வாய் வரை வந்தது. “இன்னா ஒரு மாதிரி இருக்கற, ஒடம்புக்கு முடியலையா?” என்று அவனே கேட்டான். அத்தனை பிரியமாகக் கேட்டான். “ஒண்ணுமில்ல, வெயில்ல போய்ட்டு வந்தேன்” என்றேன். இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. தை மாதம் அவனுக்கு இரண்டாவது கல்யாணம் நடந்தது. அந்தப் பந்தலில் தாம்பூலத் தட்டை நைனா என் கையில் கொடுத்தார்.

கிணற்றில் விழுந்த ஆள் ஒரு வருஷத்துக்குப் பிறகு தடியை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வருவான். வேறு வேலை செய்ய முடியாததால் சந்தையில் பூட்டுச் சாவி பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாங்கள் கயிறு விற்கிற இடத்துக்கு எதிரிலேயே அவனுக்கு இடம் கிடைத்தது. முதல் சில வாரம் நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவனே கூப்பிட்டான்.

“ஏம்மா, அன்னிக்கு அந்தக் கயித்தத் திரிச்ச பொண்ணு, உங்க அண்ணன் மொதல்ல கட்டுனது, அது தொண்டூருக்கே போயிடுச்சாமே?”

“ஆமா.”

“பாவம், சின்னப் பொண்ணு. வேல தெரியாத பொண்ண உக்கார வெச்சது உங்க தப்பு. ஆனா ஒண்ணு, வேணும்னு யாராச்சும் செய்வாங்களா?”

சந்தை இரைச்சலில் கேட்காதவள் போல நடிக்க முடியாத அளவுக்கு அவன் பக்கத்தில் இருந்தான்.

“செய்ய மாட்டாங்க” என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு அரத்தை எடுத்து ஒரு சாவியை ராவ ஆரம்பித்தான். யாரோ ஒரு பெண் மாட்டைக் கட்டக் கயிறு வேண்டும் என்று வந்து நின்றாள். நான் ஒன்றை உருவி, இரண்டு கையாலும் இழுத்துக் காட்டி, அவளிடம் கொடுத்தேன்.